சுருக்குப்பையும் பேரனின் ஸ்வெட்டரும்

வீட்டரசியின் மேலான கவனத்திற்கு: இக்குடும்ப வரலாற்றில் முதன்முறையாகக் கணவன் கையால் தைக்கப்பட்ட சுருக்குப்பை ஒன்று சாப்பாட்டு மேஜைமேல் எழுந்தருளியிருக்கிறது.

பேரனுக்காக நீ பின்னிக்கொண்டிருக்கும் ஸ்வெட்டரைப் பிளாஸ்டிக் கவரில் சுமப்பதைப் பார்த்து, “மீன் வாங்கிட்டு வர்றியா?” என்று சம்பந்தி முன்னால் கேட்டது தப்புதான். “வாய் கிழியப் பேசுறீங்களே, ஒரு பை தைக்கத் தெரியுமா?” என்றாயே, அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

தைத்தேன். பழைய திரைச்சீலைத் துணி. நாடாவை இழுத்தால் அழகாகச் சுருங்குகிறது. அளவு பார்க்க ஸ்வெட்டரை உள்ளே வைத்தேன். பையின் அடியில் தையல் விட்டிருந்தது. அப்படியே மெஷினில் கொடுத்து இன்னொரு ஓட்டு ஓட்டினேன். ஸ்வெட்டரை வெளியே எடுக்கவில்லை.

இப்போது இரண்டும் ஈருடல் ஓருயிர். பிரிக்க உட்கார்ந்தேன், எது தையல், எது உன் பின்னல் என்று புரியாமல் ஒரு நூலை இழுத்ததில் ஸ்வெட்டரின் ஒரு கை பாதி அவிழ்ந்துவிட்டது. அதற்குமேல் தைரியம் வரவில்லை. வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாட்டைச் சுடவைத்துக்கொள். பீரோ சாவி மெஷின்மேல்.

சொல்ல மறந்தேன்: மகள் போன் செய்தாள். சாயங்காலம் பேரனைத் தூக்கிக்கொண்டு வருகிறாளாம். ஸ்வெட்டர் தயாரா என்று கேட்டாள். பையில் இருக்கிறது என்றேன்.