மேட்டுக்காட்டு வெள்ளைக்கல்

12-5-79
காலையிலிருந்தே வெக்கை. தவிடு தீர்ந்தது. சீயக்காய் அரைக்கக் கொடுக்க வேண்டும்.
பாகப் பேச்சு முடிந்தது. மூத்தவன் பங்கு வைக்க, இளையவன் எடுக்க வேண்டும், அதுதான் இங்கே வழக்கம். என் வீட்டுக்காரருடைய அண்ணன் வைத்த பங்கு: கிணறு சேர்ந்த கிணற்றுக்காடு ஒன்று, வானம் பார்த்த மேட்டுக்காடு ஒன்று. "மேட்டுக்காடு பூரா வெள்ளைக்கல்லு கெடக்குது தம்பி. ரோசன பண்ணி எடுத்துக்க."
இவருக்கு ஏது யோசனை. மேட்டுக்காடு என்றுவிட்டார். சேலத்தில் வெள்ளைக்கல் வெட்டி எடுக்கிறவர்கள் காரில் போவதைப் பார்த்த கண்.

13-5
மேட்டுக்காட்டில் ஒரு கல் பொறுக்கி வந்தேன். நான் பிறந்தது வெள்ளைக்கல் சுரங்கத்து ஊர். கரும்பச்சைப் பாறை மக்கி, அதன் வெடிப்புகளில் நரம்பு நரம்பாக இறங்கியிருக்கும். சுண்ணாம்புக்கட்டி மாதிரி மங்கல். நாக்கில் வைத்தால் ஒட்டும். சூளையில் சுட்டு, இரும்பு உருக்கும் உலைக்குச் செங்கல் செய்வார்கள். அதற்குத்தான் அந்த மதிப்பு.
இது பளபளக்கிறது. நாக்கில் ஒட்டவில்லை. கைக்கண்ணாடியில் இழுத்தேன், கீறிவிட்டது. வெறும் வெங்கச்சாங்கல். எந்தக் காட்டிலும் கிடப்பது.
இவரிடம் சொன்னேன். "கல்ல நக்கிப் பாத்துப் பங்கு பிரிக்கறது உங்கூட்டு வழக்கமா?" என் அப்பாவுக்கும் சேர்த்துத்தான் அந்தக் குத்து.

16-5
ஓமலூரில் பத்திரம். இவர் கையெழுத்துப் போட்டாயிற்று. அண்ணன் எல்லோருக்கும் காபி வாங்கித் தந்தாராம். மழையைக் காணோம்.

29-5
சேலத்திலிருந்து சூளைக்காரர். கல்லோடு கல்லைத் தட்டினார், பொறி பறந்தது. "வெங்கச்சாங்கல்லுங்க. எங்களுக்கு ஆவாது." மோர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.
இவர் நேராக அண்ணனிடம். அவர் வெற்றிலை மென்றுகொண்டே, "நாஞ் சொன்னதுல என்ன பொய்யி தம்பி? கல்லு வெள்ளையாத்தான இருக்குது?"
எனக்கு அந்த மனுசனைவிட இவர்மேல்தான் ஆத்திரம்.

2-6
இவர் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடக்கிறார். எழுப்பவில்லை.
குடத்தோடு கிணற்றுக்குப் போனேன். அண்ணன் மனைவி கிணற்று மேட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கெட்டவள் இல்லை. சிரித்த முகமாகத்தான் சொன்னாள். "எப்பவும் போல எடுத்துக்க அம்மணி. எறங்கறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டுக்க, அவ்வளவுதான்."
கேட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.