மூடாமல் விட்ட ஓட்டை

அன்புள்ள மாமா,

சௌக்கியமா என்று கேட்டுத்தான் கடிதம் எழுதிப் பழக்கம். உங்களிடம் அதைக் கேட்க வழியில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் விமானம் பள்ளிக்கூட வாசலில் சிமெண்ட் மேடைமேல் நிற்கிறது. மூக்கு நம் ஊர்க் கோட்டைப் பக்கம் பார்த்திருக்கிறது. அவ்வப்போது காக்கை உட்காருகிறது.

நீங்கள் இருந்தவரை நாம் இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. நீங்கள் வாயைத் திறந்தால் இந்த விமானம்தான். நான் கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று எழுந்து போய்விடுவேன். ஆனாலும் கதை எனக்கு மனப்பாடம். ஆள் ஏறாத விமானம். நம் படைக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்காகப் பறக்கவிடுவது. பின்னால் ஒரு பொம்மையை இழுத்துக்கொண்டு போகும், அந்தப் பொம்மையைத்தான் சுட வேண்டும். பறந்து முடித்ததும் பாராசூட் விரித்துக் கடலில் இறங்கும். நீங்கள் படகில் போய்த் தூக்கிவந்து, உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவி, மறுபடி பறக்கத் தயார் செய்வீர்கள். ராணுவத்தில் உங்கள் வேலை அதுதான்.

ஒருநாள் குறி தப்பி, பொம்மையில் படவேண்டிய குண்டு விமானத்தின் விலாவிலேயே பட்டது. கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அப்படியும் ஒழுங்காகக் கடலில் வந்து இறங்கியது. அதைச் சொல்லும்போது மட்டும் உங்கள் குரல் மாறும். பெற்ற பிள்ளை காலேஜ் முடித்தபோதுகூட அப்படி மாறவில்லை என்று அத்தை சொல்வார்கள்.

ஓய்வு கொடுத்த விமானங்களைப் பள்ளிகளுக்குக் காட்சிக்குத் தருகிறார்கள் என்று தெரிந்ததும் நடையாய் நடந்து, அதே விமானத்தைக் கேட்டு வாங்கினீர்கள். லாரியில் வந்து இறங்கிய அன்று, ராக்கெட் வந்திருக்கிறது என்று கடைத்தெருவே கூடிவிட்டது. மேடையில் ஏற்றிய பிறகும் தினமும் போய் எதையோ செய்துகொண்டிருந்தீர்கள். சாப்பாட்டுக்கு ஆள் அனுப்பித்தான் கூட்டிவர வேண்டியிருந்தது. அப்புறம் நெஞ்சுவலி வந்தது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் உங்கள் பிள்ளையை, அதாவது என் வீட்டுக்காரரை, டீ வாங்க அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள்.

"செல்வி, எவனா வந்து அந்த ஓட்டைய அடைக்கணும்பான். வுடாதம்மா. அடி வாங்கறதுதான் அதோட உத்தியோகம். அதுக்கு மெடலே அதான்."

என்னிடம் ஏன் சொன்னீர்கள்? நான் பெயிண்ட் கடை நடத்துகிறவள் என்பதாலா? உங்கள் பிள்ளைக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது என்பதாலா? சரி என்று தலையாட்டினேன். அந்த நிலைமையில் இருக்கிறவரிடம் வேறு என்ன சொல்வது?

நீங்கள் போன பிறகு ஆயுத பூசை வந்தது. பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் போடுகிற மாதிரி இதற்கும் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டார்கள். கற்பூரம் காட்டும்போது பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஓட்டையைப் பார்த்துவிட்டார். சாமி சிலையில் ஒரு விரல் உடைந்தாலே பின்னம், பூசைக்கு ஆகாது என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"இன்னாங்க இது, பின்னமான பொருள வாசல்ல வெச்சிகினு கும்புடறோம்? கொண்டாந்த மனுசனே போய்ச் சேந்துட்டாரு, பாத்தீங்க இல்ல?" என்றார்.

அந்தப் பேச்சு பக்கத்து ஊர் வல்லம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்தில் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "அடச்சிட்டாப் போச்சி" என்று சொல்லிவிட்டு வந்தார். அத்தை அன்று அவருக்குச் சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்து ஏழுமலை அண்ணனை அழைத்துவந்தார்கள். கோயில் வாகனங்களுக்கும் கோபுரத்துப் பொம்மைகளுக்கும் வர்ணம் பூசுகிறவர். பொருள் வாங்க என் கடைக்குத்தான் வந்தார். சுவரில் பள்ளம், வெடிப்பு அடைத்துப் பூசுகிற பட்டி கேட்டார். காலமெல்லாம் சுதையிலும் சிமெண்டிலும் வேலை பார்த்தவர், கோபுரத்துக்கு ஆகிறது தகட்டுக்கும் ஆகும் என்று நினைத்துவிட்டார். தகடு என்றால் வண்டிக்குப் போடுகிற பட்டி வேண்டும். சுவர்ப் பட்டி ஒரு மழைக்குத் தாங்காது. வருகிறவர்களிடமெல்லாம் இதை வாய் வலிக்கச் சொல்கிறவள் நான். அன்று சொல்லவில்லை. "தண்ணி பாத்து ஊத்திக் கலக்குங்கண்ணே" என்று மட்டும் சொல்லி எடுத்துக் கொடுத்தேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

அண்ணன் உள்ளே துணியை அடைத்து, பட்டி பார்த்து, மேலே பளபளவென்று சிவப்பு அடித்தார். அது போதாதென்று மூக்கின் இரண்டு பக்கமும் கண் எழுதிவிட்டார். குதிரை வாகனத்துக்கு எழுதுகிற அதே கண். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் பட்டி ஊறிப் பொங்கி, துணியோடு கீழே விழுந்தது. விலாவிலிருந்து வெள்ளையாக ஒழுகிக் காய்ந்துபோயிருந்தது. எங்களைப் பள்ளிக்கு அழைத்தார்கள். அழைக்காமலே அத்தையும் கிளம்பி வந்தார்கள்.

"இந்த வாட்டி சிமிட்டி போட்டே மூடிடலாம்" என்றார் தலைவர்.

அத்தை கோட்டையைக் கை காட்டினார்கள். "அங்க இடிஞ்சது, ஓட்டையானது எல்லாம் அப்பிடியேதான கெடக்குது? எவனா பட்டி பாத்தானா? டிக்கெட்டு வாங்கிகினு போய்ப் பாக்கறாங்கோ."

"கோட்டைக்கு யாரும்மா கற்பூரம் காட்றாங்க? இதுக்குக் காட்றமே."

நியாயமான கேள்வி. கும்பிட்டால்தானே பின்னம்?

"அப்ப கும்புடறத நிறுத்திடுங்க" என்றேன். "புள்ளைங்க பாத்துக் கத்துக்கணும்னுதான் எங்க மாமா கொண்டாந்தாரு."

தலைவர் யோசித்தார். தலைமை ஆசிரியை குறுக்கே வந்தார். "பூசைய வுடுங்கம்மா. ஓட்டை இருந்தா புள்ளைங்க கைய வுடும். தகடு கிழிச்சிடுச்சின்னா நான்தான பதில் சொல்லணும்?"

குண்டு பட்ட தகடு கத்தியாகத்தான் இருக்கும். உங்களுக்குச் சொன்ன சொல் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு பிள்ளையின் கையைவிட அது பெரிதில்லை மாமா. எதற்கும் பார்த்துவிடலாம் என்று, ஒட்டியிருந்த மிச்சப் பட்டியை வழித்து எறிந்துவிட்டு, முந்தானையைச் சுற்றிக்கொண்டு கையை உள்ளே விட்டேன்.

கிழிக்கவில்லை. முந்தானையை எடுத்துவிட்டு வெறும் விரலால் தடவினேன். விளிம்பு முழுக்க அரம் போட்டு ராவியிருந்தது. ஓட்டையின் வடிவம் கொஞ்சமும் மாறவில்லை; ஓரம் மட்டும் சாப்பாட்டுத் தட்டின் ஓரம் மாதிரி மழுங்கியிருந்தது. உள்ளே மடங்கி, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத தகட்டைக்கூட நீங்கள் விடவில்லை. தினமும் போய்ச் செய்துகொண்டிருந்தது இதைத்தானா? பிள்ளைகள் கை விடுவார்கள் என்று முன்பே நினைத்தீர்களா? எங்களிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

உங்களுக்கு இயந்திரம்தான் முதலில், மனிதர்கள் அப்புறம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். உங்கள் சாவுக்கு எனக்கு அழுகை வரவில்லை. ஊருக்காகக் கொஞ்சம் அழுதேன், அவ்வளவுதான். அன்றைக்குக் கையை உள்ளே வைத்தபடியே அழுதேன்.

"இன்னா ஆச்சி? கிழிச்சிடுச்சா?" என்று உங்கள் பிள்ளை பதறிக்கொண்டு ஓடிவந்தார். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே விட்டேன். அவர் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

தலைமை ஆசிரியையும் தடவிப் பார்த்தார், பிறகு தலைவரும். ஓட்டை இருக்கட்டும், பூசை வேண்டாம் என்று முடிவானது. புதுச் சிவப்பை நான்தான் தின்னர் போட்டுத் துடைத்துவருகிறேன். கீழே இருக்கும் பழைய வர்ணம் போய்விடாமல் உள்ளங்கை அளவாகத்தான் துடைக்க முடிகிறது. கண்ணை அழிக்கலாமா என்று ஏழுமலை அண்ணனைக் கேட்டேன். "அது பாத்தது போதும், அழிச்சிடும்மா" என்று சிரித்தார்.

இனி ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் போய், அந்த ஓட்டைக்குள் முதலில் என் கையை விட்டுப் பார்ப்பேன் மாமா. எங்காவது கூர் தட்டுப்பட்டால் நீங்கள் வைத்துவிட்டுப் போன அரத்தால் நானே ராவிவிடுவேன். அதற்கப்புறம்தான் பிள்ளைகள் தொடுவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
செல்வி