அலமாரியிலிருந்த பத்து ரம்பங்கள்

5-7-1946, வெள்ளி. மாட்டுங்கா.

ஆறு வருஷமாக ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தச்சுவேலை கற்பிக்கிறேன். அலமாரியிலுள்ள பத்து ரம்பங்களில் ஒன்றைக்கூட மாணவர்கள் தொட்டதில்லை. உடைந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் நான்தானே பதில் எழுத வேண்டும்? ரம்பத்தைக் கரும்பலகையில் வரைந்து நோட்ஸ் சொல்வேன்.

இன்று தாராவியிலிருந்து வரும் பாக்கியம் எழுந்து நின்றாள். "சார், நாளைக்குப் பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்கு நாங்க என்னத்தக் காட்ட? ஒரு தடவ நீங்க அறுத்துக் காட்டுங்களேன்."

கோபத்தோடு பூட்டைத் திறந்தேன். நானும் நோட்ஸ் எழுதித் தேறியவன்தான். பலகை கோணல்மாணலாக அறுபட்டது. வகுப்பே சிரித்தது. மானம் போயிற்று.

ஆனால் அதற்குப் பிறகு யாருக்கும் பயமில்லை. பத்து ரம்பமும் வெளியே வந்தன. பாக்கியம் மூன்றாவது தடவையில் நேராக அறுத்துவிட்டாள். "சார், நீங்களும் இன்னொரு தடவ அறுங்க" என்றாள். அறுத்தேன். கொஞ்சம் தேவலை.

ஒரு ரம்பத்தில் இரண்டு பல் போய்விட்டது. ரிஜிஸ்டரில், "பாடம் நடத்தியதில் பழுது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிரின்ஸிபால் என்ன சொல்வாரோ.

சாவியை அலமாரியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.