எடைக்கு எடை பாட்டுப் புத்தகம்

கள்ளக்குறிச்சி,
24.10.1987

அன்பு மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தாஹிரா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நான் இங்கே நலம். சவூதியில், தம்மாமில் நீங்களும் உங்கள் அறைக் கூட்டாளிகளும் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நீங்கள் போனதிலிருந்து எழுதிய கடிதங்களில் இதுதான் நீளம். பாசமாக எழுதும்போது ஒரு பக்கம், கோபமாக எழுதும்போது மூன்று பக்கம். பரவாயில்லை, மூன்று பக்கமும் உங்கள் கையெழுத்துதானே என்று மறுபடியும் படித்தேன்.

முதலில் குடும்பச் செய்தி. உங்கள் தங்கை ஜன்னதுல் பிர்தௌஸுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம். குழந்தைக்கு அப்படியே உங்கள் மூக்கு. போய்ப் பார்த்தபோது பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் பிள்ளையை மட்டும் பார்த்தேன். கடைக் கூரையில் ஒழுகிய இடத்துக்கு ஓடு மாற்றியாகிவிட்டது. உங்கள் நெஞ்சு எரிச்சலுக்கு டாக்டரிடம் காட்டினீர்களா என்று போன கடிதத்திலேயே கேட்டிருந்தேன். அதற்கு மூன்று பக்கத்தில் ஒரு வரி பதில் இல்லை.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் சாதுல்லா உங்களுக்கு எழுதியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். உன் பெண்டாட்டி கல்வராயன் மலைக்குப் போய்ச் சுற்றிவிட்டு வந்தாள், ஊரே கலவரமாகக் கிடக்கும்போது நடுரோட்டில் லாரியில் ஏறி நின்றாள், ஜெயிலுக்குப் பொட்டலம் அனுப்புகிறாள் என்று. அதனால் பழைய பேப்பர் கடையை அண்ணன் கையில் கொடுத்துவிடு, அவர் கேசட் கடை வைக்கட்டும், உள் அறையில் நீ அடைத்து வைத்திருக்கும் சினிமாக் குப்பையை எடைக்குப் போடு, எலவனாசூர்கோட்டையில் உன் அம்மா வீட்டில் போய் இரு என்பது உங்கள் உத்தரவு. அண்ணன் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. மூன்றையும் செய்தவள் நான்தான். ஆனால் ஏன் செய்தேன் என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன், பாதியில் மடித்து வைத்துவிடாதீர்கள்.

நீங்கள் புறப்படும்போது எனக்குச் சொல்லிக்கொடுத்தது சுலபமான வேலை. பழைய பேப்பரை வாங்கு, எடை போடு, கட்டு, லாரிக்கு ஏற்று. துணைக்குக் கருணாபுரத்திலிருந்து ஆண்டாள் வந்து தரம் பிரிப்பாள் என்றீர்கள். அப்படித்தான் நடந்தது. ஒருநாள் பள்ளிக்கூட நோட்டுகளுக்கு நடுவில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகம் ஒன்று வந்தது. தியேட்டர் வாசலில் கூவி விற்பார்களே, அது. ஊதா மையில் அச்சடித்த அட்டை, விலை அணாக் கணக்கில். அதைத் தனியே எடுத்து வைத்தேன். மறுநாளிலிருந்து என் கை தானாகத் தேட ஆரம்பித்துவிட்டது.

இப்போது என் கைக்குத் தெரியும் மச்சான். மூட்டைக்குள் கையை விட்டால் எது பரீட்சைத் தாள், எது காலண்டர், எது வாரப் பத்திரிகை என்று பார்க்காமலே சொல்வேன். பாட்டுப் புத்தகத்தின் தாள் மெல்லிசாக, கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். நடுவில் துருப்பிடித்த கம்பிப் பின் விரலில் தட்டும். அது தட்டியவுடன் நெஞ்சு அடித்துக்கொள்ளும். வெளியே எடுக்கும்வரை அது எந்தப் படமென்று தெரியாது. அந்த நேரத்தில் பசி, காய்ச்சல், அடுத்த வீட்டார் பேச்சு ஒன்றும் ஞாபகம் இருக்காது. பாட்டுப் புத்தகத்தோடு சேர்த்து, ஜட்கா வண்டியில் தமுக்கடித்துக்கொண்டு வீசுவார்களே ரோஸ் கலர் சினிமா நோட்டீஸ், நடிகர் நடிகை படம் போட்ட அட்டைகள், எல்லாம் சேர்க்கிறேன்.

நீங்கள் போன பிறகு நான் தியேட்டர் வாசலை மிதித்ததில்லை. அது உங்களுக்கே தெரியும். பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் பாதிவரை சொல்லிவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டுவிடுவார்கள். நாங்கள் எங்கே போய்க் காண்பது? நான் படிப்பேன், ஆண்டாள் பேப்பர் அடுக்கிக்கொண்டே மீதியைச் சொல்வாள். அவள் கதையில் எப்போதும் அந்தப் பெண் புருஷனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவாள். நான் சொல்லும் கதையில் கடைசி ரீலில் புருஷன் திரும்பி வந்துவிடுவான். "உன் கதையில ஒருத்தனாச்சும் வராம இருக்கானா பாரு" என்று ஆண்டாள் கேலி செய்வாள்.

மலைக்குப் போனது இதனால்தான். மலையிலிருந்து கடுக்காய் மூட்டை கொண்டுவந்த ஒருவர், வெள்ளிமலையில் ஒரு டீக்கடையில் குளிருக்காகச் சுவர் பூராவும் சினிமா நோட்டீஸ் ஒட்டியிருப்பதாகச் சொன்னார். ஆண்டாளைக் கூட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்பிவிட்டேன். நம் ஊர் டூரிங் டாக்கீஸ் நோட்டீஸ், நான் பிறப்பதற்கு முன்பு அடித்தது, அடுப்புப் புகையில் மஞ்சளாகி அங்கே இருந்தது. கடைக்காரர் கரண்டியால் சுரண்டித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன், சுரண்டினால் கிழிந்துவிடும். டீயைக் குடித்துக்கொண்டே சுவரைப் படித்துவிட்டு வந்தோம். இதைத்தான் உங்கள் அண்ணன் மலையில் சுற்றினாள் என்று எழுதியிருக்கிறார்.

அடுத்தது லாரி. செப்டம்பரில் வன்னியர்கள் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோட்டை மறித்ததை நீங்கள் ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். பஸ் இல்லை, தபால் இல்லை. விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்துப்போனார்கள் என்று செய்தி வந்தது. எங்கேயோ சேரிக் குடிசைகளைக் கொளுத்திவிட்டார்கள் என்றும் வந்தது. ஆண்டாளின் கருணாபுரமும் சேரிதான், அங்கே யாரும் கண்ணை மூடவில்லை. ஆண்டாளையும் அவள் மகளையும் நம் வீட்டிலேயே படுக்கச் சொன்னேன். எனக்கும் பயம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

தியாகதுருகம் ரோட்டில் ஊரைத் தாண்டியதும் ஒரு புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் லாரிகள் வரிசையாக நின்றன. அதில் ஒன்று மெட்ராஸிலிருந்து ஈரோடு பக்கம் பேப்பர் மில்லுக்குப் போகும் பழைய பேப்பர் லோடு என்று கேள்விப்பட்டேன். மெட்ராஸ் மூட்டை மச்சான், லாரி நிறைய. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் தக்காளிச் சோறு ஆக்கி, லாரிக்காரர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஆண்டாளோடு புறப்பட்டேன். அவர்கள் பட்டினி கிடந்ததும் உண்மைதான்.

மரத்தடியில் காவல் இருந்த மறியல்காரர்களில் நம் கடையில் வெல்லம் மடிக்கப் பேப்பர் வாங்கும் வேடியப்பனும் ஒருவர். "இன்னா பாயம்மா, ஊரே அடங்கிக் கெடக்குது, நீ சோத்துக் குண்டானத் தூக்கிக்கினு எங்க போற?" என்று சிரித்தார். கூட இருந்த ஒருவன் ஆண்டாளைப் பார்த்து, நீ எந்தத் தெரு என்றான். ஆண்டாள் என் பின்னால் ஒதுங்கினாள். என் வூட்டு ஆளு என்றேன். வேடியப்பன் கிளையைத் தூக்கி வழிவிட்டார். ஆண்டாள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

லாரி டிரைவர் கந்தசாமி நல்ல மனுஷன். மூட்டையைப் பிரிக்கலாமா என்றதும் பதறினார். "மில்லுல எடை போட்டுத்தானுங்க எறக்குவாங்க. கொறஞ்சா நான்தானுங்கம்மா பதில் சொல்லோணும்." எடைக்கு எடை என்றேன். நான் எடுப்பது எவ்வளவோ அவ்வளவு எடைக்கு நம் கடைச் செய்தித்தாள் வைத்துவிடுகிறேன் என்றேன். குப்பைக்குக் குப்பை மாற்றுவதில் எனக்கென்ன நஷ்டம் என்று ஒப்புக்கொண்டார். தள்ளுவண்டியில் பேப்பர் கொண்டுபோனோம். தராசைச் சாய்ந்த புளியமரத்தின் கிளையிலேயே கட்டினோம். மரம் நகர்ந்து ரோடு திறக்கும்வரை எங்களுக்கு அதே வேலை. ஒருநாள், என்னிடம் அட்டை இல்லாமல் மொட்டையாக இருந்த ஒரு புத்தகம், அட்டையோடு, மடிப்புக்கூட இல்லாமல் கையில் வந்தது. கத்திவிட்டேன். போலீஸ் வந்துவிட்டதென்று மரத்தடியில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள்.

நீங்கள் அந்த வாரம் முழுக்கத் தூங்காமல் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் அழுகை வந்தது. ஏனென்றால் நீங்கள் போன பிறகு நான் மிகவும் சந்தோஷமாக இருந்த வாரம் அதுதான். ஊர் இப்படிக் கிடக்கும்போது ஒருத்தி சந்தோஷமாக இருக்கலாமா என்று தொழுத பிறகு உட்கார்ந்து யோசித்தேன். உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை.

வேடியப்பன் தன் சம்சாரத்துக்கென்று ஒரு புத்தகம் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே மரத்தடியில் இருந்தவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது கடலூர் ஜெயிலில் இருக்கிறார். பிடித்த மறுவாரமே அவர் சம்சாரம் பார்த்துவிட்டு வந்து, அந்த ஒரு புத்தகத்தை உள்ளே இருப்பவர்கள் எல்லாம் பாடிப் பாடித் தேய்த்துவிட்டார்களாம், வேறு இருந்தால் குடுத்தனுப்பச் சொன்னார் என்றாள். என்னிடம் இரண்டாக இருப்பவற்றை எடுத்தேன். அந்த மரத்தடி ஞாபகம் வந்து, ஆண்டாளிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். அவள் என் கையிலிருந்து வாங்கி, நல்ல பாட்டாகப் பார்த்துப் படிக்கச் சொல்லி, பொறுக்கி, சணல் போட்டுக் கட்டினாள். "கோவம் எனக்கு ஆளு மேல. பாட்டு இன்னா பண்ணுச்சு?" என்றாள். ஜெயிலுக்குப் போன பொட்டலம் இதுதான் மச்சான்.

நேற்று உங்கள் அண்ணன் தராசோடு வந்துவிட்டார். உங்கள் உத்தரவு அவருக்கும் வந்திருக்கிறது. உள் அறையைப் பூட்டிவிட்டு வாசலில் நின்றேன். "அந்தக் குப்பையில அப்புடி இன்னாதான் இருக்குது?" என்று கேட்டார். அவர் கேசட்டில் பாட்டு விற்றால் வியாபாரம், நான் புத்தகத்தில் வைத்திருந்தால் பைத்தியமா என்று கேட்க நாக்கு துடித்தது, மரியாதைக்காக அடக்கிக்கொண்டேன். நான் நகராததைப் பார்த்து, தராசைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்.

உங்களுக்குச் சொல்கிறேன். பாட்டுப் புத்தகம் எந்த வீட்டு மூட்டையில் வரும் தெரியுமா? பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டு மூட்டையில் வரும். கல்யாணம் முடிந்து பந்தல் பிரித்த கையோடு அவள் அலமாரியைக் காலி செய்து எடைக்குப் போட்டுவிடுவார்கள். அவள் எங்கேயோ ஒரு ஊரில், தன் புத்தகங்கள் அம்மா வீட்டில் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு சோறாக்கிக்கொண்டிருப்பாள். சில அட்டையில் பெயர்கூட எழுதியிருக்கும். அதையெல்லாம் மறுபடி எடைக்குப் போட எனக்குக் கை வரவில்லை. வெறும் ஆசைக்குத்தான் ஆரம்பித்தேன், இப்போதும் ஆசைதான். ஆனால் இந்த ஆசை ஒன்றுதான் இந்த வீட்டில் என்னோடு இருக்கிறது. அம்மா வீட்டுக்குப் போனால் அங்கே நான் வெறுமனே காத்திருப்பவள். இங்கே அப்படி இல்லை.

உங்கள் பேச்சை நான் மீறியதில்லை. போன பெருநாளைக்கு வருகிறேன் என்றீர்கள், அதற்கு முந்தின பெருநாளைக்கும் அப்படித்தான் சொன்னீர்கள், நான் ஏன் என்று கேட்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் கடிதத்தில் சொன்னால் கேட்கமாட்டேன். நேரில் வந்து சொல்லுங்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு மூட்டையை உங்கள் கையால் பிரித்துப் பாருங்கள். அதன் பிறகும் மூடு என்றால், அன்றைக்கே மூடிவிடுகிறேன், முகம் கோணமாட்டேன். அதுவரை பொறுத்திருக்கும்படி உங்கள் அண்ணனுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அந்த நெஞ்சு எரிச்சலை அலட்சியமாக விடாதீர்கள். அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தையும் சீக்கிரமாக லீவையும் தருவானாக. அறைச் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. உங்கள் கையில் தவிர வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டேன். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
துஆவோடும் கொஞ்சம் பிடிவாதத்தோடும்,
உங்கள் தாஹிரா