ஒன்பது விநாடியும் ஓர் எலுமிச்சம்பழமும்

அனுப்புநர்:
தேவிஸ்ரீ த/பெ காளிமுத்து,
பாயா ரும்புட்,
மலாக்கா.

பெறுநர்:
தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி அவர்கள்,
நேர்பாதைக் கார்ப் பந்தயக் குழு,
மலாக்கா.

பொருள்: 9.3.2025 பந்தயத்தில் என் கார் மீது பதிவான ‘நேரத்தை ஏமாற்றும் கருவி’ என்ற குற்றச்சாட்டை நீக்கி, உண்மையை அறிய மறு ஓட்டம் அனுமதிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அன்று 27ஆம் எண் வெள்ளை சத்ரியா காரை ஓட்டியவள் நான். முன் பம்பரில் எலுமிச்சம்பழம் தொங்கியது உண்மைதான். அதை மறுக்க இந்த மனுவை எழுதவில்லை. அந்தப் பழம் அங்கே என்ன வேலை செய்தது என்று தாங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் தூக்கமும் வரவில்லை.

1. நான் கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக வேலை செய்கிறேன். காரின் இயந்திரத்தைப் பிரித்துச் சேர்ப்பவன் என் தம்பி பவன். மூன்று வருடமாக அந்தக் காருக்குப் பெரிய டர்போ போட்டோம், பின் இருக்கைகளைக் கழற்றி எறிந்தோம், கதவுக் கண்ணாடிகளுக்குப் பதில் பிளாஸ்டிக் வைத்தோம். எல்லாம் நானூறு மீட்டரைப் பத்து விநாடிக்குள் கடப்பதற்காக. 10.01 வரை வந்து அதற்குமேல் நகராமல் நின்றது கார். அன்று 9.99 வந்தது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நான் அழுததைத் தங்கள் ஆட்களே பார்த்தார்கள்.

2. கால் மணி நேரத்தில் தங்கள் குழுவின் பரிசோதகர் வந்தார். பம்பருக்கடியில் நூலும், ஒரு பச்சை மிளகாயும், அரைப் பழமும் தொங்குவதைப் படம் எடுத்தார். இறுதிக் கோட்டின் ஒளிக்கதிரை டயருக்கு முன்பே ஏதாவது மறைத்தால் கடிகாரம் சீக்கிரம் நின்றுவிடும் என்றும், அதற்காகவே நான் அதைத் தொங்கவிட்டேன் என்றும் எழுதினார். இரண்டு வருடத் தடை. முடிவுப் பட்டியலில் என் பெயருக்கு நேராக ‘ஏமாற்று’. அந்தப் பட்டியல் மறுநாளே என் தொழிற்சாலை வாட்சப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. பிறர் செய்த தவற்றைக் கண்டுபிடித்து எழுதுவதுதான் என் வேலை, ஐயா. இனி நான் எழுதுவதை யார் மதிப்பார்கள்?

3. பழத்தைக் கட்டியவர் என் அம்மா முத்தாயி. அன்றுதான் முதன்முதலாகப் பந்தயம் பார்க்க வந்தார். நான் இருக்கை வாரை மாட்டிக்கொண்டிருந்தபோது கட்டியிருக்கிறார். பிறகு கேட்டதற்கு, “ஆளாளுக்கு வந்து காரையே முறைச்சுப் பாக்குறானுங்க. கண்ணு பட்டுடாதா லா?” என்றார். என் அப்பா சிம்பாங் அம்பாட்டில் தோட்டத்து லாரி ஓட்டியவர். அந்த லாரிக்கு இருபது வருடம் திருஷ்டிப் பழம் கட்டிய கை அம்மாவுடையது. பழக்கத்தில் லாரிக்கு விடும் நீளத்துக்கே நூலை விட்டுவிட்டார். எங்கள் காரோ தரையோடு தரையாகத் தாழ்த்தப்பட்டது. ஆகவே பழம் தரைக்கு நான்கு விரல் மேலே வந்து நின்றது. தவறு அவ்வளவுதான்.

4. இனி நான் கண்டுபிடித்தவை. தொடக்கக் கோட்டுக்கு ஊர்ந்து வந்தபோது, அங்குள்ள ஒளிக்கதிரைக் கார் மறைத்தால் எரியும் விளக்கு ஒருமுறை மினுங்கி அணைந்து மறுபடி எரிந்தது. பல்பில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். டயருக்கு முன்பே கதிரை மறைத்தது பழமாகத்தான் இருக்க வேண்டும். பழத்துக்கும் டயருக்கும் இடையே 71 சென்டிமீட்டர். அன்றைய வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க நூறில் ஒரு விநாடிக்குச் சற்றுமேல் ஆகும். இறுதிக் கோட்டிலும் பழமே முதலில் மறைத்திருந்தால் என் உண்மையான நேரம் பத்து. இந்தக் கணக்கு எனக்கே எதிரானது. ஆனாலும் போட்டேன், இங்கே எழுதியும் விட்டேன்.

5. அதோடு விட மனம் வரவில்லை. பசாரில் அதே அளவுப் பழங்கள் வாங்கி, பம்பரில் கட்டி, பவனின் பட்டறையில் இருக்கும் பெரிய காற்றாடியை எதிரே வைத்தோம். பாதி வேகத்திலேயே பழம் மேலே தூக்கிக்கொண்டு பம்பரோடு ஒட்டிக்கொண்டது. 220 கிலோமீட்டர் வேகத்தில் அது கீழே தொங்கியிருக்குமா? தொங்காவிட்டால் ஒளிக்கதிரை மறைத்திருக்க முடியாது; 9.99 எங்களுடையதே. ஆனால் ஓடும் காருக்கடியில் புகும் காற்று வேறு மாதிரி சுழலும் என்கிறான் பவன். அவன் சொல்வதும் நியாயம்தான். மீதி அரைப் பழம் இறுதிக் கோட்டுக்கு முன்பு தெறித்ததா, பின்பா என்று பார்க்க ஓடுபாதையில் நடக்க அனுமதி கேட்டேன், கிடைக்கவில்லை.

6. ஆகவே ஐயா, இறுதிக் கோட்டுக் கேமராப் படத்தை எனக்குக் காட்ட வேண்டும். படம் தெளிவாக இல்லையென்றால், தங்கள் முன்னிலையில் இரண்டு முறை ஓட்ட அனுமதிக்க வேண்டும்: பழத்தோடு ஒன்று, பழமில்லாமல் ஒன்று. பழம்தான் நேரத்தைக் குறைத்தது என்று தெரிந்தால் 9.99ஐ அடித்துவிடுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன். முடிவு எதுவானாலும் ‘ஏமாற்று’ என்ற சொல்லையும் தடையையும் நீக்க வேண்டும். தெரியாமல் நடந்ததற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

7. நடந்ததை அம்மாவிடம் மறைக்கத்தான் பார்த்தேன். பவன் உளறிவிட்டான். அம்மா அழவில்லை. “அப்போ ஓடுனது நீயா, பழமா?” என்று கேட்டார். “தெரியலம்மா” என்றேன். அந்த வெள்ளிக்கிழமை அம்மா வீட்டு வாசலில்கூடப் பழம் கட்டவில்லை. தண்டனை என் பெயரில் இருக்கிறது, ஐயா. அதை அனுபவிப்பவர் அவர்.

மறு ஓட்டம் தருவதாயிருந்தால் இன்னொரு சலுகையும் வேண்டும். பழத்தோடு ஓடும் முறைக்கு என் அம்மாவைக் காரருகே அனுமதியுங்கள். சோதனை சரியாக நடக்க, நூலை அன்று போலவே கட்ட வேண்டும். அதை அவரே கட்டட்டும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

(தேவிஸ்ரீ த/பெ காளிமுத்து)

இடம்: பாயா ரும்புட்
நாள்: 17.3.2025