ஒலி: இல்லை

மர்பி டவுன், பெங்களூர்
2.12.2001

அன்புள்ள மஞ்சு அண்ணாவுக்கு,

சாந்தகுமாரி எழுதுகிறேன். நீயும் அண்ணியும் துபாயில் நலமாக இருக்க வேண்டும். உன் நண்பன் சேஷகிரியிடம் கெஞ்சித்தான் இந்த விலாசத்தை வாங்கினேன், அவனைத் திட்டாதே. நாலு வருஷமாக ஒரு போன் நம்பர்கூட நீ தரவில்லை. பிடிவாதத்தில் அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்தவன் நீ.

உனக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அதை மீறுகிறேன். அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆடி மாதம் ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். பஸ் படியில் நின்று "சிவாஜிநகர், சிவாஜிநகர்" என்று கூவிய குரல் போய்விட்டது. இப்போது வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார்.

உனக்கு ஒரு கடிதம் போடுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். உன் கல்யாணத்தன்று இனி இந்த வாசப்படி ஏறாதே என்று சொன்னாரே, அதை "வாயால் சொன்னேன், வாயால்தான் திரும்ப வாங்குவேன்" என்று எழுதிக் காட்டினார்.

அதற்காகத்தான் ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து லினக்ஸ் போட்டேன். தட்டச்சு செய்வதைப் படித்துக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதன் சோர்ஸை, அதாவது மூல நிரலை, இறக்கி நாமேதான் கம்பைல் செய்து ஓடுகிற மாதிரி ஆக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன் கான்ஃபிகர் என்று ஒன்றை ஓட்ட வேண்டும். நீ அடுப்புப் பற்றவைக்குமுன் அலமாரியில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்பாயே, அந்த வேலைதான். ஒவ்வொன்றாகத் தேடி, இருக்கிறது, இல்லை என்று திரையில் எழுதிக்கொண்டே போகும். அப்புறம் கம்பைல், இல்லாததை விட்டுவிட்டு மிச்சத்தைச் சமைத்துவிடும்.

ஒலிக்கு வேண்டிய கோப்புகள் எங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. இல்லை என்று அது எழுதத்தான் எழுதியது. வரிகள் ஓடுகிற வேகத்தைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றேனே தவிர, ஒன்றையும் படிக்கவில்லை. கம்பைல் ஒரு தவறும் காட்டாமல் முடிந்தது. அப்பாவுக்குப் புதுச் சட்டை போட்டு உட்கார வைத்தேன். அவர் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொன்றாகத் தேடித் தட்டிவிட்டு ஸ்பீக்கரையே பார்த்தார். சத்தமே வரவில்லை. "இதுக்கும் தொண்டையை எடுத்துட்டாங்களா?" என்று சிலேட்டில் எழுதிச் சிரித்தார். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

எங்கே தவறு என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் தீபாவளி வந்தது, உன் போனும் வந்தது. நான் கடைக்குப் போயிருந்தேன். சந்தோஷத்தில் தனக்குக் குரல் இல்லை என்பதையே மறந்து அப்பா ஓடிப்போய் எடுத்திருக்கிறார். நீ ஹலோ, ஹலோ என்று கேட்டுவிட்டு, இன்னும் கோபம் போகலையா என்று சொல்லி வைத்துவிட்டாய் என்று அப்புறம் எழுதிக் காட்டினார். நான் வந்தபோது ரிசீவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிலேட்டில் உன் பெயர் மட்டும் இருந்தது. அவருக்குக் கோபம் இல்லை அண்ணா, குரல்தான் இல்லை. ஒலி இல்லை என்று திரையில் ஓடிய அந்த ஒரு வரியை நான் படித்திருந்தால் அன்றைக்கே அவர் பேச்சை நீ கேட்டிருப்பாய். அதை நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

பிறகு அந்தக் கோப்புகளைப் போட்டு, மறுபடி கான்ஃபிகர் ஓட்டி, ஒரு வரி விடாமல் விரல் வைத்துப் படித்தேன். இப்போது பேசுகிறது. போன் பக்கத்திலேயே கம்ப்யூட்டரை வைத்திருக்கிறோம், அப்பாவின் கட்டிலும் அங்கேதான். நோய் நுரையீரலுக்கு இறங்கிவிட்டது. பொங்கல் வரைக்கும்கூட டாக்டர் உறுதி சொல்லவில்லை.

அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதை நான் எழுத மாட்டேன், அது அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கூப்பிடு. அப்பாதான் எடுப்பார். முதலில் ஒன்றும் கேட்காது, தட்டுவதற்கு அவருக்கு நேரமாகும். அப்புறம் வெள்ளைக்காரப் பாதிரியார் தமிழ் படிப்பதுபோல ஒரு குரல் வரும். அப்பாவின் சாயல் அதில் துளியும் இருக்காது. ஆனாலும் அது அப்பாதான் அண்ணா. வைத்துவிடாதே.

உன் தங்கை,
சாந்தகுமாரி