இரும்பில்லாத பழைய டானிக்

நீ பாதி குடித்து மீதி வைத்துவிட்டுப் போன டானிக் பாட்டிலை நேற்று உன் மனைவி என்னிடம் நீட்டி, "இத என்னண்ணா பண்றது?" என்றார். மூடியைத் திறந்தேன். துருவும் சர்க்கரைப் பாகும் கலந்த வாடை. எண்பதுகளின் கடைசியில் நம் தாம்பரம் அலுவலகம் முழுக்க இதுதான் அடிக்கும்.

உடல்நலக் கணக்கெடுப்புக்காக, மக்கள் குடிக்கும் டானிக், விழுங்கும் சத்து மாத்திரை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. லேபிளைப் பார்த்து, உள்ளே என்னென்ன சத்து என்று எழுதி வைக்க நாம் இருவர். கட்சிகளைப் போலவே கம்பெனிகளும் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மாற்றிவிடும். அப்படி ஒரு டானிக்கில் புதிதாக இரும்பு சேர்த்தார்கள். அட்டையை மிச்சம் பிடிக்க, நான் பழைய அட்டையிலேயே அடித்துத் திருத்தினேன். முந்தின ஆண்டு அதைக் குடித்த, குரோம்பேட்டையில் ஒரு தெருப் பெண்கள் எல்லாருக்கும் கணக்கில் உட்கார்ந்த இடத்தில் இரும்புச்சத்து ஏறிவிட்டது. இலவச இரும்பு மாத்திரைப் பட்டியலிலிருந்து அவர்கள் தெருவே விழுந்தது.

நீதான் பார்த்தாய். "யோவ், ஒரே கோட்டுல ஒரு தெருவையே குணப்படுத்திட்டியே! டாக்டர்லாம் எதுக்கு?"

பழைய லேபிள் இல்லாமல் பட்டியலைத் திருத்த மாட்டார்கள். வெயிலில் வீடு வீடாக, காலி பாட்டில் கேட்டு அலைந்தோம். கடைசியில் ஓர் அம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். "இன்னா சார், போன வருசம் குடிச்சத இப்ப கேட்டுகினு வர்றீங்க? பாட்டிலு கீது. உள்ள சீமெண்ணெ கீது."

"எண்ணெய நீங்களே வச்சுக்கங்கம்மா" என்றாய். அவர் அதை ஸ்டவ்வில் ஊற்றிக்கொண்டு பாட்டிலைத் தந்தார். லேபிளில் இரும்பு இல்லை. தெரு பட்டியலுக்குத் திரும்பியது. மாத்திரையை எத்தனை பேர் விழுங்கினார்கள் என்பது வேறு கணக்கெடுப்பு.

திரும்பும் பஸ்ஸில் நீ என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "பழச அடிக்காதய்யா. பக்கத்துல தேதி போட்டுப் புதுசு எழுது."

லேபிள் படிக்கும் அந்த வேலை எனக்கு எப்போதோ அலுத்துவிட்டது. ஆனாலும் மருந்துக்கடையில் பாட்டிலைத் திருப்பிப் பார்க்காமல் வாங்க முடிவதில்லை. பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். உன் பாட்டிலையும் திருப்பினேன். அதே டானிக்தான்; கலவை மறுபடி மாறியிருக்கிறது.

கடைசி நாட்களில் கட்டிலில் எலும்பாகக் கிடந்து, என்னை யாரென்று கேட்ட உன்னைப் பற்றித்தான் இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். அந்த உன்னையும் தேதி போட்டு எழுதிக்கொண்டேன். சீமெண்ணெய் நாறும் பாட்டிலோடு குரோம்பேட்டை வெயிலில் சிரித்து நின்றவனை அடிக்கவில்லை.